புதிய .22 ரிவால்வரில் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணம் காணும் முறை

புதிதாக வாங்கிய .22 ரிவால்வர் முதல் நாளிலேயே சரியாகச் சுடவில்லையென்றால், குறை துப்பாக்கியில் இருக்கிறதா, தோட்டாவில் இருக்கிறதா, வெறும் அழுக்கா என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல், “அடிக்கடி வெடிக்க மாட்டேன் என்கிறது” என்ற ஒரே வரியுடன் தயாரிப்பாளருக்கு அனுப்பினால், “சோதித்தோம், சரியாக இருக்கிறது” என்ற ஒரே வரியுடன் அது திரும்பி வருவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. எனக்கு அப்படித்தான் ஒரு முறை வந்தது. இரண்டாம் முறை அனுப்பியபோது, சுழலும் சிலிண்டரில் தோட்டாக்கள் உட்காரும் துளைகளான அறைகளில் எந்த அறையில், எந்தத் தோட்டாவில், என்ன நடந்தது என்று எழுதி அனுப்பினேன். அந்த முறை சிலிண்டரையே மாற்றிக் கொடுத்தார்கள்.

இங்கே சொல்பவை அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும், .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களுக்குப் பொருந்தும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617, ரூகர் எல்சிஆர் போன்ற, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், ட்ரிகரை இழுத்தாலே ஹாமரும் (ஊசியை அடிக்கும் சுத்தி) பின்னால் போய் விழும் டபுள் ஆக்‌ஷன் வகைகளை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். ரூகர் ராங்ளர், ஹெரிடேஜ் ரஃப் ரைடர் போல ஹாமரைக் கையால் பின்னிழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் வகைகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த வகையில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். மற்ற ரிவால்வர் தோட்டாக்களில் அடித்தட்டின் நடுவில் தனியாக ஒரு பிரைமர், அதாவது பற்றவைக்கும் சிறு மூடி, இருக்கும். .22 தோட்டாவில் அது கிடையாது. அடித்தட்டின் விளிம்புக்குள் இருக்கும் குழிவில்தான் பற்றவைக்கும் கலவை பரவியிருக்கும், துப்பாக்கியின் அடிக்கும் ஊசி அந்த விளிம்பை அறையின் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் வெடிக்கும். பித்தளை விளிம்பை நசுக்குவதற்கு அதிக விசை வேண்டும். ஒரு சிலிண்டரில் ஆறு முதல் பத்து அறைகள் இருப்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகக் குடையப்பட்டிருக்கவும் வேண்டும். மேலும் ஈயக் குண்டின் வெளிப்புறத்திலேயே மெழுகுப் பூச்சு இருப்பதால் அழுக்கு சீக்கிரம் சேரும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் புதிய துப்பாக்கிகளை அதிகாரப்பூர்வச் சோதனைச்சாலை சுட்டுப் பார்த்து முத்திரை குத்தியாக வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஓர் அரசுச் சோதனைச்சாலை இல்லை, அந்த வேலை தயாரிப்பாளரின் பொறுப்பிலேயே இருக்கிறது. முத்திரை இருந்தாலும் அது வலிமைக்கான சான்றுதான். எல்லா அறைகளிலிருந்தும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக்கூடுகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் என்பதற்கான சான்று அன்று.

சோதனைக்கு முன்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை ஒவ்வோர் அறையாகக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, தோட்டாப் பெட்டியை வீட்டின் வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை அறைகளிலிருந்தும் குழலிலிருந்தும் முழுவதுமாகத் துடைத்தெடுக்க வேண்டும். கெட்டியான அந்த எண்ணெய் ஊசி ஓடும் துளையில் தங்கினால் அடியின் வேகம் குறைந்துவிடும். புதிய துப்பாக்கியின் “தரக்குறைகள்” சில இந்தத் துடைப்பிலேயே மறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அழியா மை பேனாவால் சிலிண்டரின் வெளிப்புறத்தில் அறைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மை போய்விடும். வெவ்வேறு தயாரிப்பில் மூன்று வகைத் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி, அதாவது ஐம்பது ஐம்பதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தவறையும் அறை எண்ணோடும் தோட்டா வகையோடும் குறித்து வையுங்கள். கோளாறு ஒரே அறையைவிட்டு நகரவில்லையென்றால் அந்த அறைதான் காரணம். எல்லா அறைகளிலும் ஒரே மாதிரி வந்தால் அடிக்கும் இயக்கத்தையோ துப்பாக்கியின் உடற்சட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். அறைக்கு அறை மாறி, ஒரு வகைத் தோட்டாவை மட்டும் தொடர்ந்து வந்தால் துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டாம். கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை.

ட்ரிகரை இழுத்தால் “டிக்” என்ற ஓசை மட்டும் வருகிறது

முதலில் பாதுகாப்பு. தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். எனவே குழலின் முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். ரிவால்வரில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பொறுமையிழந்து உடனே மறுபடி ட்ரிகரை இழுத்தால் சிலிண்டர் சுழன்று, வெடிக்கக் காத்திருக்கும் அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத இடத்துக்குப் போய்விடும். அங்கே வெடித்தால் குண்டுக்கு வெளியேற வழியில்லை.

காத்திருந்த பின் தோட்டாவை எடுத்து, அதன் விளிம்பில் ஊசி பதித்த தடத்தை, அதே துப்பாக்கியில் சரியாக வெடித்த கூட்டின் தடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடி போதும். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால், அந்தத் தோட்டாவை விரலால் சற்றுத் திருப்பி, விளிம்பின் வேறு இடம் ஊசிக்கு நேராக வரும்படி மீண்டும் போட்டுச் சுடுங்கள். இப்போது வெடித்தால் குறை தோட்டாவினுடையது. பற்றவைக்கும் கலவையை ஈரமாகக் கூட்டுக்குள் இட்டு, கூட்டைச் சுழற்றித்தான் விளிம்புக்குள் பரப்புகிறார்கள். சில கூடுகளில் அது முழுவட்டமாகப் பரவாமல் ஓரிடத்தில் வெற்றாக நின்றுவிடும், ஊசி சரியாக அந்த வெற்றிடத்தில் அடித்தால் ஓசை மட்டும்தான் வரும். மலிவான மொத்தப் பெட்டிகளில் இது புதிதன்று.

தடம் மேலோட்டமாக, எல்லா அறைகளிலும் அப்படியே இருந்தால், அடியே பலவீனம் என்று பொருள். ஹாமர் வெளியே நீண்டிருக்கும் வகைகளில், அதைக் கையால் பின்னிழுத்து நிறுத்திச் சில சுற்றுகளும், ட்ரிகரை மட்டுமே இழுத்துச் சில சுற்றுகளும் சுட்டு ஒப்பிடுங்கள். பல டபுள் ஆக்‌ஷன் அமைப்புகளில் ட்ரிகரை மட்டும் இழுக்கும்போது ஹாமர் சற்றுக் குறைவான தூரமே பின்னால் போய் விழும். ஆகவே முதல் முறையில் எல்லாம் வெடித்து இரண்டாம் முறையில் மட்டும் தவறினால், ஹாமரைத் தள்ளும் சுருள் ஸ்பிரிங்கோ பட்டை ஸ்பிரிங்கோ தேவையான விசையின் விளிம்பில்தான் நிற்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பட்டை ஸ்பிரிங் வகைகளில், கைப்பிடியின் முன்பக்கத்தில் கீழே, அந்தப் பட்டையை அழுத்திப் பிடிக்கும் ஒரு சிறு திருகு இருக்கும். அது முழுவதும் இறுகியிருக்க வேண்டும். கடையிலோ முந்தைய கையிலோ யாராவது ட்ரிகர் இலகுவாக இருக்கட்டும் என்று அதை அரைச் சுற்றுத் தளர்த்தியிருந்தால் இதே அறிகுறி வரும். .22 ரூகர் எல்சிஆரின் ட்ரிகர், அதே உருவத்தில் வரும் .38 எல்சிஆரைவிடக் கனமாக இருப்பது தரக்குறை அன்று. விளிம்பை நசுக்கத் தேவையான விலை அது. ஸ்பிரிங்கை இலகுவானதாக மாற்றும் ஆசையை இந்த இடத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நிலைதான் பலரைக் குழப்புகிறது: வெடிக்காத தோட்டாவை வெளியே எடுக்காமல், சிலிண்டர் முழுச் சுற்றுச் சுற்றி வந்து, அதே இடத்தில் இரண்டாம் அடி விழுந்ததும் வெடித்துவிடுகிறது. உடனே தோட்டாவைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் தோட்டா அறைக்குள் முழுவதும் போய் உட்காராமல் விளிம்பு சற்று வெளியே நின்றிருப்பதே பெரும்பாலும் காரணம். முதல் அடியின் விசை தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாம் அடிக்குத்தான் விளிம்பு அசையாமல் நிற்கிறது. தோட்டாக்களைப் போட்டபின் சிலிண்டரைக் கண்மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். என் துப்பாக்கியில் 3ஆம், 6ஆம் அறைகளின் தோட்டாக்கள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு காகிதத் தடிமன் அளவுக்கு எழுந்து நின்றன. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு மெல்லிய இடறலோடு உள்ளே போயின. தவறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு அறைகளிலேயே நடந்திருந்தன.

இப்படி ஒன்றிரண்டு அறைகள் மட்டும் மறுத்தால், அறையின் வாய் ஓரத்தில் பிசிறோ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டா இல்லாமல் ஹாமரை விழவிடும்போது, சில துப்பாக்கிகளில் ஊசி அறையின் ஓரத்தை நேரடியாகக் கொத்தி, உலோகத்தை உள்பக்கம் ஒதுக்கிவிடும். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துப்பாக்கியை எத்தனை பேர் அப்படி இழுத்துப் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் கையேடு அனுமதித்தால் ஒழிய வெற்று அறையில் இழுக்க வேண்டாம். பழகுவதற்குப் பலர் அறைகளில் செருகிக்கொள்வது, சுவரில் திருகு முடுக்குவதற்கு முன் பதிக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பிளக்கைத்தான். சில காசுகளில் வேலை முடிந்துவிடும்.

வெற்றுக்கூடுகள் வெளியே வர மறுக்கின்றன

சுட்டபின் தள்ளுகோலை உள்ளங்கையால் அழுத்தினால் கூடுகள் மொத்தமாக வந்து விழ வேண்டும். இறுகி நின்றால், சுத்தியலையோ மேசை விளிம்பையோ நாடாதீர்கள். தள்ளுகோல் வளைந்துவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும். எட்டு அறைச் சிலிண்டரில் எட்டுக் கூடுகள் சேர்ந்து இறுகும்போது குற்றவாளி யாரென்று தெரியாது. ஆகையால் அடுத்த முறை இரண்டே அறைகளில் மட்டும் தோட்டா போட்டுச் சுட்டு, தள்ளிப் பாருங்கள். அறைகளை மாற்றி மாற்றி நான்கு முறை செய்தால், வழுக்கி வரும் அறைகள் எவை, பிடித்துக்கொள்ளும் அறைகள் எவை என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

பிடித்துக்கொண்ட அறையின் கூட்டை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். அறையைக் குடைந்த கருவி விட்டுச்சென்ற வளையங்கள் இருந்தால், வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்த பித்தளையில் அந்த வளையங்கள் அப்படியே அச்சாகியிருக்கும். நீளவாக்கில் ஒரே இடத்தில் கீறல் இருந்தால் அது வாயோரப் பிசிறு. கூட்டில் எந்த அச்சும் இல்லாமல், அறைதான் முன்பகுதியில் கருத்திருந்தால் அது அழுக்கு. குறிப்பாக, கூடு குட்டையான .22 ஷார்ட் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் அவை நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு கரிவளையம் படிந்து, பிறகு போடும் லாங் ரைஃபிள் தோட்டாவை முழுவதும் உள்ளே விடாது. வெண்கலத் தூரிகையால் தேய்த்தால் அது போய்விடும்.

தோட்டாவின் வேகமும் கணக்கில் வரும். விநாடிக்கு 1,235 அடி வேகமுள்ள சிசிஐ மினி மேக் இறுகுகிறது, 1,070 அடி வேகமுள்ள அதே நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி இறுகவில்லை என்றால், அறை சற்றுக் கரடாக இருக்கிறது, ஆனால் பயன்படுத்த முடியாத நிலையில் இல்லை. சில நூறு சுற்றுகளில் தணியவும் கூடும். மெதுவான தோட்டாவும் அதே அறையில் இறுகினால் தணியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மாற்றுச் சிலிண்டரோடு வரும் துப்பாக்கிகளில் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். .22 மேக்னம் கூட்டின் விட்டம் 0.242 அங்குலம், லாங் ரைஃபிளின் விட்டம் 0.226 அங்குலம். மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிள் தோட்டா தொளதொளவென்று உள்ளே போய்விடும். சுட்டால் கூடு உப்பும், பிளக்கும். அப்படிப் பிளந்த கூட்டைப் பார்த்துத் தரக்குறை என்று கடிதம் எழுதுவதற்கு முன், எந்தச் சிலிண்டர் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கரடான அறையைத் துரப்பணக் கருவியில் உப்புத்தாள் சுற்றி மெருகேற்றும் யோசனை எளிதாகக் கிடைக்கும். புதிய துப்பாக்கியில் அதைச் செய்யாதீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. அதைவிட, அதன்பிறகு தயாரிப்பாளர் அது தன் தவறு என்று ஒப்புக்கொள்ளக் காரணமே இருக்காது.

சிலிண்டர் சுழலாமல் இறுகுகிறது, அல்லது திறக்கவில்லை

முதலில் சந்தேகிக்க வேண்டியது, கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் சிக்கிய எரியாத வெடிமருந்துத் துகள். மணல் பருக்கை அளவுள்ள ஒரே ஒரு துகள் தகட்டைத் தூக்கிப் பிடித்தால் போதும், ட்ரிகர் திடீரென்று கல் போலாகிவிடும். பல்துலக்கும் பழைய தூரிகையால் தகட்டின் அடியைத் துடைத்ததும் சரியானால் அது துப்பாக்கியின் குறை அன்று, கூட்டை வெளியேற்றும் விதத்தின் குறை. குழலின் முனையை வானம் பார்க்க நிமிர்த்திக்கொண்டு தள்ளுகோலை அழுத்தினால் துகள்கள் கூடுகளோடு கீழே விழுந்துவிடும். துப்பாக்கியைப் படுக்கவைத்துத் தள்ளினால் தகட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

சிலிண்டர் திறக்கவே மறுத்தால் தள்ளுகோல் கழன்று நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகைகளில் அதன் மரை இடது மரை; வழக்கமான திசையில் முடுக்கினால் இன்னும் கழலும்.

துடைத்தும் தீரவில்லை, ஐம்பது நூறு சுற்றுகள் சுட்டுச் சூடேறியபின்தான் இறுகுகிறது என்றால், சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால், அதாவது தடிமன் குறித்த மெல்லிய தகடுகளால், அளக்க வேண்டும். இது 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருப்பது வழக்கம். 0.003க்குக் கீழே போனால் கரி படிந்தவுடன் உரசத் தொடங்கும். ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக நிற்கும்போது தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் 0.003, எதிர்ப்பக்கம் 0.006 என்று வந்தால் சிலிண்டரின் முகம் அச்சுக்குச் செங்குத்தாக இல்லை, அல்லது அச்சு வளைந்திருக்கிறது. சிலிண்டரைத் திறந்து சுழற்றிவிட்டு, தள்ளுகோலின் நுனியைக் கவனியுங்கள்: நேரான கோல் சுழல்வதே தெரியாது, வளைந்த கோல் வட்டமடிக்கும். சிலிண்டரை முன்னும் பின்னும் விரலால் தள்ளும்போது வரும் ஆட்டத்தையும் இதே கேஜால் அளக்கலாம். ஆட்டம் அதிகமானால் சில நேரம் உரசும், சில நேரம் ஊசியின் அடி வீணாகும்.

பக்கவாட்டில் ஈயம் தெறிக்கிறது

இடைவெளி வழியாகப் புகையும் வெப்பமும் வெளியேறுவது ரிவால்வரின் இயல்பு. பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் ஈயச் சில்லு குத்துவது இயல்பு அன்று. அப்படி நடந்தால் அன்றைய சுடுதலை நிறுத்திவிட்டு, வீட்டில் சோதிக்க வேண்டும். தோட்டா இல்லாத நிலையில், கையேடு அனுமதிக்காவிட்டால் மேலே சொன்ன பிளக்குகளைப் போட்டு, சிலிண்டரின் மேல் ஒரு விரலை மிக மெல்ல வைத்தபடி ஹாமரை நிதானமாகப் பின்னிழுங்கள். ஹாமர் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் அதன் பூட்டில் விழுந்து அசையாமல் நிற்க வேண்டும். ஹாமர் நின்ற பிறகும் விரலால் தள்ளினால்தான் பூட்டு விழுகிறது என்றால், அந்த அறை குழலுக்கு நேராக வருமுன்பே சுடப்படுகிறது. குண்டு குழலின் வாய்க்கூம்பில், அதாவது குழலின் பின்முனையில் குண்டு நுழையும் கூம்பு வாயில், ஒரு பக்கம் சீவப்பட்டு, சீவல் வெளியே தெறிக்கிறது. எல்லா அறைகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஓர் அறை தவறினாலும் அந்தத் துப்பாக்கியில் இனி ஒரு தோட்டாவும் போடக் கூடாது. இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம்.

பூட்டு சரியாக இருந்தும் தெறித்தால், வாய்க்கூம்பை வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஈயம் ஒரே பக்கமாகப் பூசியிருப்பது, குழலும் சிலிண்டரும் ஒரே கோட்டில் இல்லை என்பதைக் காட்டும் நல்ல சாட்சி. அதைத் துடைக்கும் முன் படமெடுத்து வையுங்கள்.

குறிவைத்த இடத்தில் படவில்லை

இதில் அவசரப்பட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள் அதிகம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். மணல் மூட்டையில் கையைத் தாங்கவைத்து, பதினைந்து கஜத்தில், மூன்று வகைத் தோட்டாவாலும் சுட்டு, பிறகு அனுபவமுள்ள இன்னொருவரையும் சுடச்சொல்லுங்கள். இருவருக்கும் எல்லாத் தோட்டாவுக்கும் இடப்பக்கமே போனால், துப்பாக்கியைப் பின்னாலிருந்து பார்த்து முன்குறி நிமிர்ந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். குழலைத் திருகி மாட்டும்போது சற்றுக் கூடவோ குறையவோ திருகியிருந்தால் முன்குறி சாய்ந்து நிற்கும். நிலையான குறி உள்ள மலிவு வகைகளில் இது அப்படியே பட்டறையின் வேலை. மேலே கீழே மட்டும் மாறினால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். கூட்டமாக விழும் துளைகளிலிருந்து ஒன்று மட்டும் விலகிக்கொண்டே இருந்தால், ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனி அட்டை வைத்து ஐந்தைந்து சுடுங்கள். விலகுவது எந்த எண் என்று தெரிந்துவிடும்.

பூச்சில் கீறல், சீரற்ற மெருகு, கைப்பிடி பொருந்தாமை ஆகியவற்றுக்குச் சோதனை தேவையில்லை. ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டினால் போதும். சுட்ட பிறகு காட்டினால் வாதம் நீளும்.

திருப்பி அனுப்பும்போது

அமெரிக்காவில் எழுத்துப்பூர்வ உத்தரவாதங்களை ஒழுங்குபடுத்துவது 1975ஆம் ஆண்டின் மேக்னுசன் மாஸ் சட்டம். ஆனால் உத்தரவாதம் தந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ரூகர் தன் துப்பாக்கியோடு உத்தரவாத அட்டை வைப்பதில்லை, ஏன் வைக்கவில்லை என்பதைக் கையேட்டிலேயே விளக்கிவிடுகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதல் வாங்குநருக்கு வாழ்நாள் சேவை தருகிறது. எனவே பெட்டியில் அட்டை இல்லை என்பதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பழுதுபார்க்க உரிமையாளரே உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு அனுப்பவும், அவர் நேரே உரிமையாளருக்குத் திருப்பி அனுப்பவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. மாநிலச் சட்டங்களும் கூரியர் நிறுவனங்களின் விதிகளும் தனி என்பதால், தயாரிப்பாளரிடமே அனுப்பும் சீட்டைக் கேட்டு வாங்குவதுதான் சிக்கலற்ற வழி. பொதியில் தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. அறை எண் எழுதிய சிறு உறைகளில் வெற்றுக்கூடுகளை மட்டும் வைத்து, அறைவாரியான குறிப்பையும் படங்களையும் சேருங்கள். சிலிண்டரில் போட்ட எண்களைத் துடைக்காமல் அனுப்புங்கள். பட்டறையில் இருப்பவருக்கு நீங்கள் சொல்லும் 3ஆம் அறை எதுவென்று வேறெப்படித் தெரியும்?

திரும்பி வந்தவுடன் அதே மூன்று வகைத் தோட்டாக்களால் அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். என் துப்பாக்கி புதிய சிலிண்டரோடு வந்த அன்று, முதலில் இடைவெளியை அளந்தேன்; எல்லா அறைகளிலும் 0.006 அங்குலம் வந்தது. பிறகு எண் போட்டு நூற்றைம்பது சுற்றுச் சுட்டதில் இரண்டு தோட்டாக்கள் வெடிக்கவில்லை: ஒன்று 2ஆம் அறையில், ஒன்று 7ஆம் அறையில். இரண்டுமே மலிவான மொத்தப் பெட்டியிலிருந்து வந்தவை, இரண்டிலும் ஊசியின் தடம் ஆழமாக இருந்தது. அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டதும் இரண்டும் வெடித்தன.